கம்ப்ரசர் சத்தம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், முத்துப்பேட்டையில் இருந்த எங்கள் குடும்பம், காக்கா துபாயில் ஏசி மெக்கானிக்காக மட்டுமே இருக்கிறார் என்று நம்பியிருந்தது. காக்கா என் அண்ணன். ஊர் திரும்புகிறவர்களிடம் கேசட்டில் பேசி அனுப்புவார். நலம் விசாரித்து முடித்ததும், பத்து நிமிடம் காதைக் கிழிக்கும் இரைச்சல் ஓடும்.

"இந்தக் கம்ப்ரசர் சத்தத்துலயா புள்ள நாள் பூரா நிக்கிது" என்று உம்மா கண்கலங்குவார். நானோ, நாடாவை வீணாக்குவானேன் என்று, அந்த இரைச்சலின் மேலேயே எங்கள் பதிலைப் பதிந்து அதே கேசட்டைத் திருப்பி அனுப்புவேன்.

காக்கா துபாயில் மாலை வேளைகளில் ஹெவி மெட்டல் என்னும் அதிரடி இசைக்குழுவில் கிதார் வாசித்தவர் என்பது, வாப்பாவும் உம்மாவும் மறைந்த பிறகே எனக்குத் தெரிந்தது. அறுபதை நெருங்கும் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுக்க ஒரு குழு வந்து, மூன்று நாள் வீட்டைத் தலைகீழாக்கியது.

"முறத்துல அரிசி புடைங்கக்கா, ஒரு ஷாட்டு" என்றார் இயக்குநர் என்னிடம்.

"மில்லுலேருந்து சுத்தமா வந்த அரிசி தம்பி. இதுல எதைப் புடைக்க?"

காக்காவோ உச்சி வெயிலில் மண்டையோட்டுப் படம் போட்ட கறுப்புச் சட்டையோடு அமர்ந்து, எல்லாக் கேள்விக்கும் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னார்.

"அந்தக் காலத்துல வாசிச்சது ஒண்ணுகூட இல்லையா சார்? அது இல்லாம படம் நிக்காது" என்று இயக்குநர் கெஞ்சினார்.

காக்கா என்னைக் காட்டினார். "எல்லாத்தையும் இவதான் அழிச்சா."

என் பொறுமை போயிற்று. "பாட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல காக்கா? மிஷின் சத்தம்னு உம்மா அழுதுகிட்டுக் கெடந்தாங்க."

"வாப்பா காதுல எப்படியாவது விழட்டும்னுதான் வெச்சேன். சொல்லத் தைரியமில்ல."

பிறகு பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து ஓடவிட்டார். நாங்கள் அனுப்பியவற்றில் அவர் பத்திரப்படுத்தியிருந்த கடைசி ஒன்று. வாய்க்காலில் தண்ணீர் வந்ததைச் சொல்லும் என் குரல். வாப்பாவின் இருமல். "காதுல பஞ்சு வெச்சுக்க புள்ள" என்று உம்மா. எங்கள் பேச்சு முடிந்த இடத்தில், நான் அழிக்காமல் விட்ட அரை நிமிட கிதார்.

"இது போதும் சார்" என்றார் இயக்குநர். காக்கா கேமராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

எதையும் வீண் என்று ஒதுக்கும் முன் என் கை இன்றும் தயங்குகிறது. அந்தக் கேசட்டில் ஒலிக்கும் எங்கள் மூவரில் மீதமிருப்பது நான் மட்டுமே; கேட்பதற்குக் காக்கா இருக்கிறார்.