நீச்சல் குளத்தை மூட வைத்த மனு

என் பேத்திக்கு ஆறு வயது. இடுப்புவரை முடி. அந்த முடியை அவளிடமிருந்து வாங்குவதற்கு, திருமலையில் மொட்டை போடுகிற கல்யாணகட்டா வரிசையில் உட்கார்ந்தபடி நான் ஓர் ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. தம்பி பிறந்தால் இரண்டு பேருக்கும் மொட்டை என்று வேண்டிக்கொண்டது என் மனைவி. அந்தத் தம்பிக்கு இப்போது மூன்று வயது. அவனுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் போதுமாயிருந்தது. இவளுக்குப் போதவில்லை.

"மொட்டை போட்டுக்கினா எனக்கு இன்னா தருவே?"

"தீவுக்குக் கூட்டிக்கினு போறேன். அங்க பெரிய குளம் இருக்குது. வளைஞ்சு வளைஞ்சு வர்ற சறுக்குமரம். நேரா தண்ணியில போய் விழலாம்."

"எத்தினி வாட்டி?"

"உனக்கு அலுத்துப் போற வரைக்கும்."

"ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்."

தலையைக் குனிந்துகொண்டாள். கத்தி மேலே ஏறியபோது அழவில்லை. கீழே விழுந்த முடியை மட்டும் ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

முப்பத்து நான்கு வருடம் சித்தூர் கலெக்டர் ஆபீசில் லைசென்ஸ் பிரிவில் வேலை பார்த்தவன் நான். சினிமா தியேட்டர், பட்டாசுக் கடை, கல்யாண மண்டபம், ராட்டினம் என்று கூட்டம் சேருகிற எந்த இடத்துக்கான அனுமதியும் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். ஒரு காரியத்தை ஏன் செய்ய முடியாது என்பதற்கு எத்தனை காரணங்கள் உண்டோ அத்தனையும் எனக்குத் தெரியும். ஆனால், செய்கிறேன் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுத்ததாக நினைவில்லை. பேத்திக்குக் கொடுத்த அந்த ஒன்றையாவது காப்பாற்ற வேண்டும் என்றிருந்தது.

மறுநாள் எங்கள் ஊரான புத்தூரிலிருந்து கிளம்பினோம். மகள், இரண்டு மொட்டைகள், நான். மருமகனுக்கு பெங்களூரில் லீவு கிடைக்கவில்லை. மனைவிக்கு முட்டி வலி, படகில் ஏறமாட்டேன் என்றுவிட்டாள். நாகலாபுரம், சத்தியவேடு வழியாகத் தடா. அங்கிருந்து ஏரிக்கரைக்கு ஆட்டோ, அப்புறம் மோட்டார் படகு. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டு மாதிரி கிடக்கும் ஒரு தீவில் அந்த ரிசார்ட். பெயர் சொல்லப்போவதில்லை. வாசலில் சிமெண்டில் செய்த டால்ஃபின் ஒன்று வாயைத் திறந்து நிற்கும். அதன் மேலே 'குழந்தைகளின் சொர்க்கம்' என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது. தமிழில் மட்டும் இரண்டு எழுத்துப்பிழை.

அறைக்குள் பையை வைத்த ஐந்தாவது நிமிடம் பேத்தி நீச்சல் உடையில் நின்றாள். வெயிலுக்காக இரண்டு தலையிலும் என் மகள் சந்தனத்தை அப்பி வைத்திருந்தாள். காய்ந்து, மஞ்சளாக வெடித்திருந்தது. திருப்பதியைச் சுற்றி இருக்கிற எவனும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான்.

குளத்தின் ஆழமில்லாத பக்கத்தில் இறங்கி, தண்ணீரை உதைத்துக்கொண்டே போய், சறுக்குமரத்தின் ஏணியில் மூன்று படி ஏறியிருப்பாள். விசில் ஊதினார்கள். ஒருமுறை இல்லை, மூன்று முறை. குளத்திலிருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். கையில் வாக்கிடாக்கியோடு வந்த மேனேஜர், முப்பது வயசுக்காரர், ஏணியிலிருந்து அவளை அக்குளில் பிடித்துத் தூக்கிக் கரையில் நிறுத்தினார். சட்டையில் படாமல், கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, ஒழுகுகிற சாமானைத் தூக்குகிற மாதிரி.

பேச்சு தெலுங்கில்தான் நடந்தது. தமிழில் தருகிறேன்.

"சாரி அங்கிள். மத்த கெஸ்ட்டுங்க கேக்கிறாங்க. குழந்தைக்குத் தலையில ஏதோ இருக்குதுன்னு."

"சந்தனம் இருக்குது. நேத்து மலையில மொட்டை போட்டது."

"எனக்குத் தெரியும் அங்கிள். அவங்களுக்குத் தெரியாதே."

"நீங்க சொல்லலாமே."

"தொப்பி இல்லாம குளத்துல விட மாட்டோம். போர்டுல பாருங்க."

"தொப்பி எதுக்கு? முடி கொட்டி ஃபில்டர் அடைச்சுக்கக் கூடாதுன்னு. இவகிட்ட முடி எங்கே இருக்குது?"

சிரித்தார். எனக்குப் பின்னால் பார்த்து, அங்கே சாய்வு நாற்காலியில் படுத்திருந்த இரண்டு பெண்களோடு சேர்ந்து சிரித்தார். "ரூல் ரூல்தான் அங்கிள்."

அதை என்னிடம் சொன்னார். முப்பத்து நான்கு வருடம் அதைத் தவிர வேறெதையும் சொல்லாதவனிடம்.

பேத்தி இரண்டு கையையும் எடுத்துத் தலையை மூடிக்கொண்டாள். அறைக்குத் திரும்பும்வரை அப்படியேதான் நடந்தாள். பிறகு துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே போய் உட்கார்ந்துவிட்டாள். அவள் தம்பி வெளியே மணலில் ஒரு நண்டைத் துரத்திக்கொண்டிருந்தான்.

எனக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டேன். ஒரு வெள்ளைத்தாள் எடுப்பேன்.

ரிசப்ஷனில் மேனேஜரிடம் போனேன். குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "உங்க கஷ்டம் புரியுது. மத்த கெஸ்ட்டுங்க பாதுகாப்புதான் முக்கியம். குழந்தையை ஏன் வெளியே எடுத்தீங்கன்னு ரெண்டு வரி எழுதிக் கொடுத்தா, ஊருல அவ அப்பாவுக்குக் காட்டுவேன். அவர்தான் கத்துவாரு."

அரசாங்க வேலையில் ஒருநாள் இருந்தவன்கூட இந்த வலையில் விழமாட்டான். எதையும் எழுத்தில் கொடுக்கக் கூடாது என்பதுதான் அங்கே சேர்ந்தவுடன் கற்கிற முதல் பாடம். இவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. என் வாயிலிருந்து வந்த 'பாதுகாப்பு' என்ற சொல் வேறு அவருக்குப் பிடித்துப்போயிற்று. ரிசார்ட்டின் லெட்டர்ஹெட்டில், என் எதிரிலேயே, இங்கிலீஷில் அடித்துக் கொடுத்தார்: இன்ன அறைக் குழந்தை, தலையில் தோல் தொற்று இருக்கலாம் என்ற சந்தேகத்தின் பேரில் குளத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. கையெழுத்து. தேதி. நேரம். கேட்காமலே சீலும் குத்தினார். சீல் என்றால் மரியாதை என்று நினைத்திருப்பார் போல.

அந்த ஒரு தாளை அறைக்கு எடுத்துப்போய் மூன்று முறை படித்தேன். ரிடையர் ஆன பிறகு இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் படித்ததில்லை.

மனு ஒரு பக்கம்தான். கோபம் ஒரு சொல்லில்கூட இல்லை. தொற்று சந்தேகமுள்ள குழந்தை குளத்து நீரில் இறங்கியிருந்ததை நிர்வாகமே எழுத்தில் ஒப்புக்கொள்கிறது. அப்படியிருந்தும் அதே நீரில் மற்ற குழந்தைகள் மாலைவரை குளிக்க அனுமதிக்கப்பட்டனர். பொது சுகாதாரம் கருதி உடனே ஆய்வு செய்து, நீரைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டுகிறேன். இணைப்பு: ஒன்று. அரசாங்கத்தின் குறைதீர்ப்பு இணையதளத்தில் ஏற்றினேன். சுகாதாரப் பிரிவுக்கு ஒரு நகல். பிறகு, ஒருகாலத்தில் என் பிரிவில் டைப்பிஸ்டாக இருந்து, இப்போது பெரிய இடத்தில் இருக்கிற ஒரு பெண்மணிக்குப் போன் செய்து, மனு வந்ததா என்று மட்டும் கேட்டேன். சிபாரிசு செய்கிற வழக்கம் எனக்கு இல்லை. வந்ததா என்று கேட்பது சிபாரிசு ஆகாது.

"நைனா, இன்னா பண்ணிக்கினு இருக்கே?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்லம்மா. லெட்டர்."

காலைப் படகில் சுகாதாரப் பிரிவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கையில் ஐஸ் பெட்டி, இன்னொருவர் கையில் ஃபைல். நான் வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தேன், எழுந்திருக்கவில்லை. குளோரின் அளவு எழுதுகிற பதிவேட்டைக் கேட்டார்கள். கால் மணி நேரம் தேடிக் கொண்டுவந்தார்கள். எல்லா நாளும் ஒரே பேனா, ஒரே அளவு. அதில் தப்பில்லை, நாங்களும் அப்படி எழுதியிருக்கிறோம். ஆனால் மறுநாளுக்கான அளவும் அப்போதே எழுதப்பட்டிருந்தது. ஃபைல் வைத்திருந்தவர் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டார். நான் இன்னொரு டீ சொன்னேன்.

குளத்து நீரைப் பாட்டிலில் பிடித்து ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு, பத்தரை மணிக்குக் குளத்தைச் சுற்றி நைலான் கயிறு கட்டினார்கள். பரிசோதனை முடிவு வரும்வரை யாரும் இறங்கக் கூடாது. ரப்பர் வாத்து, மிதவை வளையம், கையில் மாட்டுகிற காற்றுப் பை இவற்றோடு இருபது குழந்தைகள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று அழுதன. மேனேஜர் ஒவ்வொரு அப்பாவிடமும் கை கூப்பிக்கொண்டு ஓடினார். நேற்றுச் சாய்வு நாற்காலியில் சிரித்த பெண்களில் ஒருத்தி அவரைப் பார்த்துக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. கடல் பக்கமிருந்து நல்ல காற்று வீசியது.

பன்னிரண்டு மணிக்கு மேனேஜர் எங்கள் வராந்தாவுக்கு வந்தார். கையில் இரண்டு ஐஸ்கிரீம் கிண்ணம். அங்கிள் போய், சார் வந்திருந்தது.

"சார், நீங்க யாருன்னு தெரியாம பண்ணிட்டேன்."

"நான் யாரும் இல்ல தம்பி. பென்ஷன்காரன்."

"எல்லாரும் என்னை உயிரோட துன்றாங்க சார். மனுவை வாபஸ் வாங்கிக்குங்க. நானே பாப்பாவைக் கூட்டிப் போய் சறுக்க விடறேன்."

"ரூல் ரூல்தான் தம்பி. இருந்தாலும், முதல்ல பாப்பாகிட்ட மன்னிப்புக் கேளுங்க. என்கிட்ட வேண்டாம்."

அவர் உள்ளே போய், கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, "சாரி பாப்பா, என் தப்புதான்" என்றார். உண்மையாகவே கண் கலங்கியிருந்தார். நான் கதவருகே நின்று கடைசிச் சொட்டுவரை பார்த்தேன்.

பேத்தி முக்காட்டைக் கொஞ்சம் விலக்கினாள். "அப்போ இப்ப சறுக்கலாமா?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் ஐஸ்கிரீம் கிண்ணத்தைப் பார்த்தேன்.

"தாத்தா, சறுக்கலாமா?"

"ரிசல்ட் வரணும்டி."

"எப்ப வரும்?"

"மூணு நாள் ஆவும்."

"நாம நாளைக்குப் போறமே."

"ஆமா."

மனுவை வாபஸ் வாங்கலாம். ஆனால் எடுத்த நீரை வாபஸ் வாங்க முடியாது. மாதிரி ஐஸ் பெட்டிக்குள் போய்விட்டால் முடிவு வரும்வரை கலெக்டரே வந்தாலும் கயிற்றை அவிழ்க்க முடியாது. இது அந்த மேனேஜருக்குத் தெரியாது. எனக்கு, மனுவில் 'பரிசோதனைக்கு அனுப்ப' என்ற சொற்களை எழுதும்போதே தெரியும். பேனாவைக் கொஞ்ச நேரம் நிறுத்தினேன் என்பதும் உண்மை. பிறகு எழுதினேன். வெறும் ஆய்வு என்று எழுதியிருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். அவளும் சறுக்கியிருப்பாள். அந்த ஆளும் சிரித்துக்கொண்டே இருந்திருப்பார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனபோது பக்கத்து மேஜையிலிருந்து ஒரு பையன் முள்கரண்டியை நீட்டிச் சொன்னான்: "அந்த மொட்டைங்களாலதான், மம்மி, குளத்தை மூடிட்டாங்க." அவன் அம்மா அவன் கையைக் கீழே இழுத்தாள். வாயை மூடச் சொல்லவில்லை. பேத்தி தட்டிலிருந்த பூரியை அப்படியே வைத்துவிட்டாள். அதுவரை அவளைப் பார்த்தவர்கள் முதல் நாள் குளத்தில் இருந்தவர்கள் மட்டும்தான். என் மனுவுக்குப் பிறகு தீவு முழுவதும் பார்த்தது.

மகள் தட்டை நகர்த்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நைனா, ஒண்ணு கேக்கறேன். உனக்கு இவ தண்ணியில எறங்கணுமா, இல்ல அந்தாளு அழணுமா?"

"ரெண்டும்தான்."

"பொய் சொல்லாதே."

நான் சாம்பாரில் உப்பு போதவில்லை என்றேன். அவள் மகளைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. பேத்தியும்தான். பேரன் மட்டும் ஒருமுறை வந்து என் செருப்பில் மணலை நிரப்பிவிட்டுப் போனான்.

கிளம்புகிற நாள் காலையில் கண் விழித்தபோது அறையில் நான் மட்டும் இருந்தேன். தேடிக்கொண்டு படகுத் துறைக்குப் போனேன். பேரன் கரையில் மணலைக் கிண்டிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கத்தில் ஏரித் தண்ணீர் முழங்கால் ஆழம்தான். மீனவப் பெண்கள் நாலைந்து பேர் வரிசையாகக் குந்தி, சேற்றில் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடித்ததை இடுப்பில் கட்டிய கூடையில் போட்டார்கள். அவர்களுக்குப் பக்கத்தில், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் மகள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கழுத்துவரை தண்ணீரில் குந்தியபடி, பேத்தி. தலையில் துண்டு இல்லை. அங்கிருந்த ஒரு பெண் அவள் மொட்டையைத் தடவி, "மலைக்குப் போனியாம்மா? சாமி நல்லா பாத்தியா?" என்று கேட்டாள். "பாத்தேன், ரெண்டு செகண்டு" என்றாள் இவள். எல்லாரும் சிரித்தார்கள். ஏதோ ஒன்று காலில் கிள்ளியிருக்க வேண்டும், அலறிக்கொண்டு அம்மாவின் இடுப்பில் ஏறி, உடனே மறுபடி இறங்கினாள்.

சறுக்குமரம் இல்லை. நான் சொன்னது இது இல்லை. ஆனால் தண்ணீர்தான். அதைக் கொடுத்ததும் நான் இல்லை.

துறையில் ரிசார்ட்டின் படகு கட்டியிருந்தது. நேற்று முன்தினம் எங்களை ஏற்றி வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். இருக்கை இருபத்திரண்டு. உயிர்காப்புச் சட்டை பதினொன்று, குழந்தை அளவில் ஒன்றுகூட இல்லை. பையிலிருந்து பேனாவை எடுத்தேன். உள்ளங்கையில் எழுத ஆரம்பித்தேன்.

"தாத்தா!"

திரும்பினேன். நேற்று மத்தியானத்துக்குப் பிறகு முதல்முறையாக என்னைக் கூப்பிடுகிறாள். கையை ஆட்டினாள். கையில் ஏதோ துள்ளியது. "வா தாத்தா! எறா புடிச்சிட்டேன்! ஓடிப்போறதுக்குள்ள வா!"

"தோ வரேன்" என்றேன்.

படகின் பின்பக்கம் போய், பதிவு எண்ணை முழுவதும் எழுதி முடித்தேன். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினேன்.