எதிரி எடுத்த குரல்

வானொலி நிலையத்தில் அவளை 'மதியச் செய்தி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரே வேலையில் மூழ்கியிருக்கும் நேரத்தில் வாசிப்பவளை யார் கேட்பார்கள்? இரவுச் செய்தி மணிக்குரல் அக்காவுக்கு. அக்கா ஜலதோஷத்தோடு வாசித்தால்கூட, "என்ன உருக்கம்!" என்பார்கள். மதியச் செய்திக்கு வயிறு பற்றி எரியும்.

எல்லையில் பதற்றம் முற்றிய ஒரு மாலை, அக்காவின் குரல் கைபேசிகளில் பரவியது: "அணை உடைந்துவிட்டது. உடனே வெளியேறுங்கள்." அணைக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்கா வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து நாட்டு ஆட்கள் அவர் குரலைக் கணினியில் போலியாக வார்த்திருந்தார்கள் என்று பேச்சு. அதை நம்பி ஊரைவிட்டு ஓடியவர்களில் பலர் ஆற்றுப்பாலத்து நெரிசலில் மிதிபட்டுச் செத்தார்கள்.

மதியச் செய்திக்கு முதலில் தோன்றியது: 'எதிரிகூட அவ குரலைத்தான் எடுத்தானா?'

அரசு வக்கீல் விசாரிக்க வந்தார். "சர்வதேசக் கோர்ட்டுக்குப் போகலாமே சார்?" என்றார் நிலைய இயக்குநர்.

"என்னன்னு போறது? குண்டு விழல, ஒருத்தனும் எல்லை தாண்டல. சனங்களைக் கதிகலங்க வைக்கக் கூடாதுன்னு விதி இருக்கு, ஆனா அது போர்க்கால விதி. இதைப் போர்னு சொல்லலாமான்னே யாருக்கும் தெரியல. அவங்கதான் செஞ்சாங்கன்னு வேற நிரூபிக்கணும்."

போலியோடு ஒப்பிட்டுப் பார்க்க வக்கீல் அக்காவின் அசல் குரலைப் பதிந்துகொண்டார். "என் குரலும் வேணுமா சார்?" என்றாள் மதியச் செய்தி.

"உங்களது எதுக்கும்மா? அதை யாரும் எடுக்கலையே."

சுருக்கென்றது.

அக்கா மறுப்பு வாசித்தார். "இதுவும் போலியா இருக்குமோ?" என்றது ஊர். வேறு வழியில்லாமல் இரவுச் செய்தி இவள் கைக்கு வந்தது. வானொலிதானே, யார் பார்க்கப்போகிறார்கள்? இருந்தும் இருப்பதிலேயே நல்ல உடையை உடுத்திக்கொண்டு போய் வாசித்தாள்.

"எல்லாரும் உன்னை அப்படியே நம்புறாங்க," என்றான் கணவன்.

"ஏனாம்?"

"உன் குரலைத் திருட எவன் மெனக்கெடுவான்னு பேசிக்கிறாங்க."

அன்று அவனோடு அவள் பேசவில்லை.

வழக்கு இழுத்துக்கொண்டே போனது. அக்கா தொலைபேசியை எடுப்பதையே விட்டுவிட்டார், சொந்த மகளே "நீ நெசமாவே அம்மாதானா?" என்று கேட்டாளாம். மதியச் செய்தி நேரில் போய்ப் பார்த்தாள்.

"உனக்கு என்மேல பொறாமைன்னு தெரியும்டி," என்றார் அக்கா. "இப்ப எனக்கு உன்மேல. நீ பேசினா நீதான்னு நம்புறாங்களே."

அதைக் கேட்க எத்தனை வருடம் ஏங்கியிருப்பாள்! சந்தோஷம் வந்தது. ஆனால் அழுதுகொண்டிருந்தவர் முன்னால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. போய் அக்காவுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள்.