எண்ணெயில் இறங்கிய சிவப்பு

தேவிபட்டினத்தில் எங்கள் தெருவுக்கே எதிர்வீட்டு லத்தீபா லாத்தாவின் மீன் ஆணம் ஒரு பெருமை. லாத்தா என்றால் எங்கள் பேச்சில் அக்கா, ஆணம் என்றால் குழம்பு. கொதித்து முடியும்போது மேலே எண்ணெய் தெளிந்து செக்கச்செவேலென்று நிற்கும். அது தெளிந்தால்தான் லாத்தா அடுப்பை அணைப்பார்.

வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய அவர் கணவர் காஜா நவாஸ் மச்சானுக்கு மாரடைப்பு வந்தது. ஸ்டென்ட் வைத்து அனுப்பிய டாக்டர், "எண்ணெயைக் குறைச்சுக்கங்க" என்றார். லாத்தாவுக்கு அரைகுறை வேலையே ஆகாது. எண்ணெய் டின்னையே வீட்டை விட்டு அனுப்பிவிட்டார். அது என் அடுப்படிக்கு வந்து சேர்ந்தது.

அதோடு விட்டாரா? என் அடுப்படிக்கே வந்து அந்த எண்ணெய் டின்னையும், மகள் அம்ரீன் துபாயிலிருந்து கொடுத்தனுப்பும் தக்காளி பேஸ்ட் டப்பாவையும் திருப்பி வைத்துப் படித்தார். நூறு கிராம் எண்ணெயில் தொள்ளாயிரம் கலோரி. தக்காளியில் நூறுகூட இல்லை.

"பாத்தியாடி, ஒன்னு நஞ்சு, ஒன்னு மருந்து" என்றார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பேஸ்ட்டைத் தண்ணீரில் கரைத்து மீனை வேகவைத்தார்கள். எனக்கும் ஒரு கிண்ணம் வரும். புளிப்பும் பச்சை வாடையுமாக இருக்கும் அதை, என் நாக்கு என்ன பாவம் செய்ததோ என்று நொந்துகொண்டே விழுங்குவேன். மச்சான் குறை சொன்னதில்லை. பாதிச் சோற்றை ஒதுக்கிவிட்டு எழுந்துவிடுவார். ஆள் நாளுக்கு நாள் இளைத்தார்.

ஒரு நாள் துவைக்க எடுத்த அவர் சட்டைப் பையில் எண்ணெய்க் கறையும் பஜ்ஜி மடித்த காகிதமும் இருந்தன. மாலையில் அஸர் தொழுகைக்குப் போகிறவர் திரும்பும் வழியில் டீக்கடையில் ஒதுங்கியிருக்கிறார். காலையிலிருந்து காய்ந்து கறுத்த எண்ணெயில் போடும் பஜ்ஜி அது. லாத்தா அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் அடுப்படியில் வந்து உட்கார்ந்து அழுதார்.

"வாய்க்கு ஒப்பாத சோத்தப் போட்டு நானே அவுகள வெளிய வெரட்டிட்டேன்டி. அவுகளுக்கு ஒன்னுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

அடுத்த பரிசோதனைக்கு ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நானும் கூடப் போனேன். மச்சான் ரத்தம் கொடுக்க வரிசையில் நிற்க, லாத்தா பேஸ்ட் டப்பாவோடு மாரிச்செல்வி முன்னால் போய் உட்கார்ந்து, எண்ணெயே இல்லாமல் சமைப்பதைச் சொன்னார். நோயாளிகளுக்கு என்ன சாப்பிடலாம் என்று சொல்வது மாரிச்செல்வியின் வேலை.

"எண்ணெயில முழுக்கக் கொழுப்புதான்மா, கூடக் கொஞ்சம் வைட்டமின் ஈ. தக்காளியில கொழுப்பு இல்லைன்னே சொல்லலாம். வைட்டமின் சி, பொட்டாசியம், அப்புறம் அந்தச் சிவப்பு. அந்தச் சிவப்பு உடம்புக்கு நல்லது. ஆனா தண்ணியில கரையாது. கொஞ்சம் எண்ணெய் இருந்தாத்தான் உடம்புல நல்லாச் சேரும். ஆளுக்கு ஒரு ஸ்பூன் ஊத்துங்க. இந்த டப்பாவுலயே உப்பு இருக்கு, குழம்புல பாத்துப் போடுங்க."

லாத்தா நம்பவில்லை. வீட்டுக்கு வந்ததும் என்னிடமிருந்து எண்ணெயை வாங்கிக்கொண்டு போனார், நானும் பின்னாலேயே போனேன். கொஞ்சம் பேஸ்ட்டைக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் விட்டுக் கலக்கி ஓரமாக வைத்தார். மீதியைச் சட்டியில் ஆளுக்கு ஒரு ஸ்பூன் கணக்கில் எண்ணெய் காயவிட்டுப் போட்டு, சிறு தீயில் கிண்டினார்.

டம்ளரில் சக்கை அடியில் தங்கி, மேலே தண்ணீர் வெளிறி நின்றது. சட்டியிலோ எண்ணெய் ஓரமாகப் பிரிந்து வந்தது, அத்தனை சிவப்பையும் தனக்குள் வாங்கிக்கொண்டு. எத்தனையோ தடவை பார்த்ததுதான். ஆனால் அன்றைக்கு எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

"சுபுஹானல்லாஹ்" என்றார் லாத்தா மெதுவாக. "இம்புட்டு வருசமும் இது தெளியுறதப் பாத்துத்தானே அடுப்ப அணைச்சேன். என்ன தெளியுதுன்னு தெரியாமப் போச்சே. படைச்சவன் ஒன்னுக்குள்ள ஒன்ன எப்படி வச்சிருக்கான் பாரு."

கரண்டியைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் அந்தச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் மீனைப் போட்டார்.

அன்று மச்சான் தட்டை வழித்துச் சாப்பிட்டார். அஸருக்குக் கிளம்பியதும் லாத்தா வாசலுக்கு வந்து நின்றுகொண்டார். நானும் என் வாசலில் நின்றேன். தொழுகை முடிந்த கையோடு மச்சான் நேரே வந்துவிட்டார்.

"டீக்கடைப் பக்கம் போகலையா மச்சான்?" என்று கேட்டார் லாத்தா.

மச்சானின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"ராத்திரிக்கு அந்த ஆணம் மிச்சம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.