முழங்கால் ஆழம்

பிரெஞ்சு சர்க்காரில் படம் வரைகிற உத்தியோகம் எனக்கு. கோடையில் சங்கராபரணி ஆற்றின் ஆழத்தை அளந்து துணியில் வரைந்திருந்தேன். வெள்ளம் வடிந்த தை மாதத்தில், அந்தப் படத்தோடு செல்லிப்பட்டுக்கு மீன் பிடிக்கப் போனேன். அங்கே மீன்காரி அஞ்சலை மூங்கில் கழியால் ஆற்றைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைநாட்டுக்கு ஆற்றைப் பற்றி என்ன தெரியும் என்று சிரித்தேன்.

“அங்க எறங்காதீங்க அய்யா. வெள்ளத்துல மடு எடம் மாறிடுச்சி.”

“படத்துல முழங்கால் ஆழந்தான் போட்டிருக்கு, போடி!”

வலையோடு இறங்கினேன். தண்ணீர் தலைக்கு மேல் போனது. அவள் நீட்டிய கழியைப் பிடித்துத்தான் கரையேறினேன்.

மிதந்து வந்த படத்தைப் பிழிந்து, அதிலேயே ஒரு விராலைச் சுற்றி என் கையில் கொடுத்தாள்.

“இதுக்காவது ஆவட்டும் அய்யா.”

அன்றைய இளக்காரம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கரையில் நின்று சிரித்த அந்த உத்தியோகஸ்தனை நினைக்கும்போதெல்லாம் வருகிறது.