மாமி வறுத்த அமீன்

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். நான் கற்பிட்டியிலுள்ள மனைவி வீட்டுக்குப் போனபோது ஒரு பெட்டி உடுப்பும் இரண்டு பெட்டி கண்ணாடிக் குழாயும் கொண்டுபோனேன். மாமி பழைய ஆள். மருமகனுக்கு முன்னால் வரவும் மாட்டார், நேரே கதைக்கவும் மாட்டார். குசினி வாசலில் ஒரு பச்சைத் திரை தொங்கியது. எல்லாம் அதற்குப் பின்னாலிருந்துதான். "மகள், அவருக்கு இன்னம் கொஞ்சம் சோறு வேணுமான்னு கேளு" என்பார். இரண்டடி தள்ளி இருக்கும் நான் ஒன்றும் காதில் விழாதவன் மாதிரி இருக்க வேண்டும். மனைவி வந்து அதையே திரும்பச் சொன்ன பிறகு, "ஓம்" என்று மனைவியிடம் சொல்ல வேண்டும். ஐந்து வருடம் இப்படியே ஓடியது.

அப்போது நான் பல்கலைக்கழக ஆய்வு மாணவன். எலுவன்குளத்தில் வாங்கிய நெல் உமியை எரித்து, சாம்பலிலிருந்து சிலிக்கா எடுத்து, அதன் நுண்துளைகளில் அமீன் என்ற இரசாயனத்தை ஊறவைத்து வெள்ளை மணிகளாக்கியிருந்தேன். காற்றை அதனூடே ஊதினால் காபனீரொட்சைட்டு எனும் கரியமில வாயுவை மட்டும் அமீன் பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும் அளவாகச் சூடாக்கினால் விட்டுவிடும். ஆறியதும் மறுபடி பிடிக்கும். ஈரக் காற்றில் இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்பதால், கடற்காற்று வரும் வீட்டுப் பின்னறையையே ஆய்வுகூடமாக்கிக்கொண்டேன். ஒரே குறை நாற்றம். கருவாடு காயவைக்கும் வாடிக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த மாமிக்கு, அமீன் வாடையை மட்டும் பொறுக்க முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை பேராசிரியர் பார்க்க வருவதாக இருந்தது. ஒரே மணிகள் இருபது தடவை வாயுவைப் பிடித்து, பிறகு வெளிவிட்டதைக் காட்டினால் ஆய்வு தொடரும். இல்லாவிட்டால் தலைப்பையே மாற்றச் சொல்லிவிடுவார். மூன்று வருட உழைப்பு. வெள்ளிக்கிழமை காலையில் பதினேழு தடவை முடிந்திருந்தது.

ஜும்ஆவுக்குப் போகும் அவசரத்தில் மனைவியிடம், "அந்தத் தட்டைச் சின்ன ஓவன்ல வச்சிச் சூடு காட்டு. உள்ள இருக்கிறது வெளிய போகணும்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். எத்தனை பாகை, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் ஓவனில் திருப்பி வைத்தாயிற்று. அதற்குமேல் எதற்கு விளக்கம் என்று நினைத்தேன். பெரிய மேதை அல்லவா!

நான் படி இறங்கியதும் கரண்ட் போய்விட்டது. மனைவி திரைக்குப் பின்னால் போய் ஆலோசனை கேட்டிருக்கிறாள். இடியப்ப மா வறுப்பதில் மாமிக்கு ஊரிலேயே பெயர். "சூடுதானே காட்டணும்? கொண்டா" என்று, சமையலுக்கு உதவாத பழைய தாச்சியொன்றை விறகடுப்பில் ஏற்றிவிட்டார். உள்ளே இருப்பது வெளியே போக வேண்டும் என்றுதானே மருமகன் சொல்லியிருக்கிறார்? போய்விட்டதா இல்லையா என்பதை மாமி மூக்கை வைத்துத் தீர்மானித்தார். நாற்றம் முழுதாகப் போகும்வரை விடாமல் கிண்டினார். போன நாற்றம்தான் என் அமீன்.

பள்ளியிலிருந்து வந்து பார்த்தால் தட்டில் வறுத்த தேங்காய்ப்பூ நிறத்தில் ஏதோ கிடந்தது. கரண்ட் வந்ததும் குழாயில் போட்டு ஊதினேன். உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் மீற்றர் ஒரே எண்ணைக் காட்டியது; மணிகள் ஒன்றையும் பிடிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. அழ வெட்கமாக இருந்ததால் கத்தினேன். "தெரியாட்டி தொடாம இருக்கணும்! மூணு வருசத்தையும் வறுத்துக் கொட்டியாச்சி!"

பச்சைத் திரை அசையவில்லை. அதற்குப் பிறகு எனக்குச் சோறு வேண்டுமா என்று யாரும் கேட்கவுமில்லை.

மறுநாள் பேராசிரியர் கதிரையில் இருந்து, கபில நிற மணிகளை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, "என்ன நடந்தது?" என்றார். ஓவன் பழுதாகிவிட்டது என்று ஒரு நல்ல பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். திரை விலகியது.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மாமி வந்து நின்றார். "வறுத்தது நான். அவர்ட பிழை ஒண்டும் இல்ல."

பேராசிரியர் கோபிக்கவில்லை. என்ன அடுப்பு, எவ்வளவு நேரம், எப்போது நிறம் மாறியது என்று கேட்டுக் கேட்டு எழுதினார். "பள்ளியில ஜும்ஆ வாங்கு சொல்லக்குள்ள ஏத்தினேன். முதல்ல மஞ்சளிச்சிச்சி. அப்பயும் நாறிச்சி, அதான் விடல்ல" என்று மாமி ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

பேராசிரியர் என் பக்கம் திரும்பினார். "சூட்டிலும் காற்றிலும் இது எப்போது சாகும் என்று நீ பார்க்கவே இல்லையே. நாளைக்கு ஒரு புகைபோக்கியில் பொருத்தினால் இதுதானே நடக்கும்? புதிதாகச் செய். இந்த முறை வேண்டுமென்றே வறுத்துப் பார். தலைப்பு அப்படியே இருக்கட்டும்."

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. மாமியிடம் ஏதாவது சொல்ல வேண்டும். ஐந்து வருடத்தில் ஒரு சொல்லும் நேரே சொல்லிப் பழக்கமில்லாததால் வழக்கம்போல மனைவியைத்தான் தேடினேன். அவரே முந்திக்கொண்டார், என் முகத்தை நேராகப் பார்த்து.

"நேத்துச் சத்தம் போட்டது எனக்கா மகன், திரைக்கா?"

"திரைக்கு, மாமி."

"அப்ப அதுக்கிட்டயே மாப்புக் கேளுங்க."

பேராசிரியர் பார்த்துக்கொண்டிருக்க, நான் எழுந்துபோய்ப் பச்சைத் திரையிடம் மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பின்னால் அன்று யாரும் இருக்கவில்லை.