வாசகர் வட்டத்தின் மினிட்ஸ் நோட்டு

பாளையங்கோட்டை வாசகர் வட்டத்துக்கு இருபது வருஷமாக மினிட்ஸ் நோட்டு எழுதுகிறவள் சாலோமி டீச்சர். உறுப்பினர் பிரிஸில்லாவைக் கொன்றது அவள் புருஷன்தான் என்று போலீசுக்கு முந்திக் கண்டுபிடித்துவிட்ட பெருமையில், அன்று வட்டமே மிக்சரை நொறுக்கிக்கொண்டிருந்தது.

“போன கிறிஸ்மஸ்லயே அவ கழுத்துக் காயத்தப் பாத்துட்டம்லா!” என்றாள் ஸ்டெபி.

“அவன் அடிக்குத சத்தம் எங்க அடுப்படி வரைக்கும் கேக்குமே,” என்றார் தலைவர் சத்தியநேசன்.

சாலோமி பேனாவை மேஜையில் எறிந்தாள். “அவ உசுரோட இருக்கையில ஒருத்தருக்கும் வாயில்லையோ? தூ! நீங்கள்லாம் மனுசங்கதானா?”

இந்தக் கூத்தை எழுத முடியாதென்று நோட்டை மூடப் போனாள். போன மாதப் பக்கம் கண்ணில் பட்டது. அவள் கையெழுத்துதான்: ‘பிரிஸில்லா வரவில்லை. மறுபடியும் மாடிப்படியில் வழுக்கி விழுந்துவிட்டாராம்.’

பிரிஸில்லா வீட்டுக்கு மாடியே கிடையாது. எழுதும்போதே டீச்சருக்கு அது தெரியும்.