லேமினேட் செய்த பக்கத்துக்கு அடுத்த பக்கம்: கோரமண்டலில் ஒரு தைல விசாரணை

மக்களே, கோலார் தங்கவயல் (கேஜிஎஃப்) சுரங்க ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒரு டிரசர் தன் கையாலேயே எழுதிய, நூறு வருடத்துக்கும் மேல் பழைய, ஒரு பக்கவாத நோயாளியின் முழுக் கதையும் இருக்கிற நோட்டை நான் தொட்டுப் படித்துவிட்டேன்!

சரி, மூச்சு விட்டுக்கொண்டு முதலிலிருந்து வருகிறேன்.

இந்த வலைப்பூவைப் படிப்பவர்களுக்கு என் பைத்தியம் தெரியும். படித்தது பி.காம். ஷாஃப்ட், கேஜ், எஞ்சின் ஹவுஸ் பற்றியெல்லாம் இணையத்தில் கிடைத்த பழைய ஸ்கேன்களைப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்டேன். பழைய தமிழ்க் கையெழுத்தைப் படிப்பதும் அப்படி வந்ததுதான். ஆனால் இந்த முறை நான் கேஜிஎஃப் போனது சுரங்கத்துக்காக இல்லை. சித்தப்பாவுக்காக.

சித்தப்பா அந்தோணிக்கு 52 வயது. ஐந்து மாதம் முன்பு ஒரு காலையில், இட்லி சாப்பிடும்போது வலது கை தட்டிலேயே விழுந்தது. வாய் ஒரு பக்கம் கோணியது, பேச்சு குழறியது. “கேஸ் ஏறிக்கினு கீது” என்று சித்தி ஸ்டெல்லா சோடா கொடுத்தார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். சோடா பாட்டிலைத் திறந்து கொடுத்ததே நான்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மதியம் ஆகிவிட்டது. ஸ்கேனில் மூளையின் இடது பக்கம் ரத்தக் குழாய் அடைப்பு. நாலரை மணி நேரத்துக்குள் வந்திருந்தால் அடைப்பைக் கரைக்கிற ஊசி போட முடியுமா என்று பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். இப்போது சித்தப்பா கோல் ஊன்றி நடக்கிறார். வலது கை இன்னும் வரவில்லை. பேச்சு, ஒன்றிரண்டு சொல். ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, பிரஷருக்கு ஒன்று, வாரம் மூன்று நாள் பிசியோதெரபி.

அப்போதுதான் சித்தியின் வாட்ஸ்அப்பில் அந்தத் தகவல் வந்தது. “மைன்ஸ் தைலம். 1890-களில் வெள்ளைக்கார டாக்டர் கைவிட்ட சுரங்கத் தொழிலாளியை மூன்றே நாளில் கை தூக்க வைத்த எண்ணெய். எழுத்து ஆதாரம் உண்டு.” 48 நாள் கோர்ஸ், 18,500 ரூபாய். கடைசியில் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை: தைலம் போடும் நாட்களில் இங்கிலீஷ் மாத்திரை கூடாது.

அந்தப் பொடி எழுத்தை இரண்டு முறை படித்தேன். அடைப்பு வந்தவர் 48 நாள் மாத்திரையை நிறுத்தினால் இன்னொரு அடைப்பு வரலாம். டாக்டரிடம் போன் போட்டுக் கேட்டேன், “நிறுத்தவே கூடாது” என்றார். சித்தி கேட்கவில்லை. அவர் பிறந்தது கேஜிஎஃப்பின் சாம்பியன் ரீப்ஸ், ஊர் மருந்து என்றால் தனி நம்பிக்கை. திங்கட்கிழமை ஆரம்பிப்பது என்று முடிவே செய்துவிட்டார். கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம்: சனிக்கிழமை இருவரும் கேஜிஎஃப்பின் கோரமண்டலுக்கு நேரில் போய் ஆதாரத்தைப் பார்ப்பது.

“ஆதாரம் நெஜமா இருந்துச்சுன்னா அப்பால நீ வாயத் தொறக்கக் கூடாது ஜெனி,” என்றார் சித்தி.

“பொய்யா இருந்தா?”

“பாக்கலாம் வாடீ.”

பெங்களூர் கே.ஆர்.புரத்தில் காலை 8.10-க்கு மாரிக்குப்பம் ரயில் ஏறினோம். டிக்கெட் ஆளுக்கு 20 ரூபாய். பங்காருப்பேட்டையில் இருபது நிமிடம் நிறுத்திவிட்டார்கள். அங்கே வடை சாப்பிடுங்கள், காபி வேண்டாம். கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்கும்போது 10.25. தங்கம் பிரித்த கழிவு மண்ணான சயனைடு மேட்டிலிருந்து காற்று அடித்து வாயெல்லாம் புழுதி. ஆட்டோவுக்கு 60 ரூபாய், தூரம் ஒன்றரை கிலோமீட்டர்தான்.

“தைலக்காரர் வூட்டுக்கா?” என்றார் ஆட்டோக்காரர், நாங்கள் வாயைத் திறக்கும் முன்பே.

“நல்லாவுதாண்ணா அங்க?” என்று சித்தி ஆசையாகக் கேட்டார்.

“போறவங்கள நான்தாம்மா ஏத்திக்கினு போறேன். நல்லாயிட்டு நடந்து வந்தவங்கள பாத்ததில்ல. வேற ஆட்டோல போறாங்களோ இன்னாவோ.”

சித்தி என்னை முறைத்தார், நான்தான் அவருக்குக் காசு கொடுத்துப் பேச வைத்தது போல.

சுரங்கக் காலத்து லைன் வீடுகளில் கடைசி வீடு. வாசலில் போர்டு. உள்ளே தைலக்காரர் சாலமன், அறுபது வயது இருக்கும், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அவருடைய கொள்ளுத்தாத்தாதான் அந்த டிரசர், அதாவது சுரங்க ஆஸ்பத்திரியில் டாக்டருக்குக் கீழே கட்டுப் போட்டு மருந்து கொடுத்தவர். சுவரில் மாதாவின் படத்துக்குப் பக்கத்தில் ஆதாரம் தொங்கியது: லேமினேட் செய்த ஒரு பக்க ஜெராக்ஸ். அதன் கடைசி வரியைச் சிவப்பில் கோடு போட்டிருந்தார்கள்.

“பெல்கார முனிசாமிக்கு எண்ணெய் போட்டு வருகையில் மூன்றாம் நாள் கையைத் தூக்கினான்”

“பாத்தியா!” என்று சித்தி என் விலாவில் இடித்தார்.

நான் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். கையெழுத்து பழசுதான். ஆனால் வாக்கியத்தின் முடிவில் புள்ளி இல்லை. அந்த மனிதர் பக்கம் முழுக்க ஒவ்வொரு வரிக்கும் புள்ளி வைத்திருக்கிறார், இங்கே மட்டும் வைக்கவில்லை. ஏன்?

“ஒரிஜினலைப் பாக்கலாமா சார்?” என்றேன்.

சாலமன் முகம் மாறியது. “இன்னா பாப்பா, டுப்ளிகேட்னு சொல்றியா? எங்கப்பா மாட்டி வெச்சது இது. இத்தினி வருஷத்துல ஒருத்தரும் அப்டி கேட்டதில்ல.”

“படிக்க ஆசையா இருக்கு சார், அவ்ளோதான்.”

“படிக்கிறாளாம்! நான் படிச்சது கன்னட மீடியம், எனக்கே அந்த எழுத்து ஓடாது. எங்கப்பாக்கும் இந்த ஒரு பக்கம்தான் தெரியும். நீ படிச்சிடுவியா?” என்று பீரோவைத் திறந்து, மஞ்சள் துணியில் சுற்றிய நோட்டை மேசைமேல் போட்டார். “படி. சும்னே பேசாத, படி.”

சந்தேகத்தோடுதான் தொட்டேன். முதல் பக்கத்தில் ஆண்டு 189 வரை இருந்தது, கடைசி எண்ணைப் பூச்சி அரித்திருந்தது. (வசதியான பூச்சி என்று நினைத்தேன்.) தையலைப் பார்த்தேன், நடுவில் எதையும் பிரித்துச் சேர்த்த மாதிரி தெரியவில்லை. மை எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி பழுப்பாக இருந்தது. பொய் என்று சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆதாரம் நிஜமாகிவிட்டால் திங்கட்கிழமை மாத்திரை நின்றுவிடும்.

முனிசாமி கதை ஆரம்பிக்கும் இடத்திலிருந்து சத்தமாகப் படித்தேன். கதை இதுதான்.

முனிசாமி, ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழியின் அடியில் மணிக் கம்பி இழுக்கிறவர். அந்தக் கம்பி மேலே எஞ்சின் ஹவுஸ் வரை போகும். கேஜை, அதாவது ஆள் ஏறும் கூண்டை, ஏற்றி இறக்கும் டிரைவரால் கீழே நடப்பதைப் பார்க்க முடியாது, மணியின் தட்டை எண்ணித்தான் எஞ்சினை ஓட்டுவார். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் ஆள் ஏறுகிறது. ஒருநாள் வெடி வைத்த பிறகு முனிசாமி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். டைனமைட் புகையில் தலைவலி வருவது அங்கே தினமும் நடப்பதுதான். கூட இருந்தவர்கள் அதுதான் என்று நினைத்து, காற்று வரும் பக்கம் படுக்க வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வாய் கோணியதை யாரும் கவனிக்கவில்லை. ஷிஃப்ட் முடிந்து மேலே கொண்டுவந்த பிறகுதான் தெரிந்தது, வலது கை கால் விழுந்துவிட்டது, பேச்சும் இல்லை. டிரசர் முதலில் சந்தேகப்பட்டது சாராயத்தை. வாயை முகர்ந்து பார்த்து “குடி இல்லை” என்று எழுதியிருக்கிறார்.

இந்த இடத்தில் எனக்குச் சோடா பாட்டில் ஞாபகம் வந்தது. சித்தி என்னைப் பார்க்கவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு வைத்தியம். தலையை மொட்டையடித்து ஈரத்துணி. காதுக்குப் பின்னால் ரத்தம் உறிஞ்ச அட்டைப்பூச்சி. பிடரியில் கடுகுப் பற்று. பேதியாவதற்கு மருந்து. உள்ளே ரத்தக் கசிவா அடைப்பா என்று பார்க்க அன்றைக்கு வழியே இல்லை. டாக்டர் கைவிரித்ததும் டிரசர் தன் எண்ணெயைக் காய்ச்சிச் சூடாகத் தேய்க்க ஆரம்பித்தார். அங்கேதான் லேமினேட் செய்த பக்கம் முடிகிறது. நான் பக்கத்தைத் திருப்பினேன். வாக்கியம் அந்தப் பக்கத்தில் தொடர்ந்தது.

“மூன்றாம் நாள் கையைத் தூக்கினான், அது விழாத இடது கை. கட்டில் சட்டத்தில் ஒருதரம் அடித்தான். நான்காம் நாளும் எண்ணெய் வைத்ததும் அவ்விதமே அடித்தான். வலிப்பு என்று கருதிக் கையைக் கட்டிவிட்டேன்.”

“இடது கையா?” என்றார் சித்தி.

“நல்ல கை சித்தி. அது எப்பவுமே வேல செஞ்ச கை.”

“கட்டிட்டாரா? எங்க கொள்ளுத்தாத்தாவா?” என்றார் சாலமன். “ஏய், நல்லா பாத்து படி.”

நன்றாகப் பார்த்துத்தான் படித்தேன். ஐந்தாம் நாள் எஞ்சின் டிரைவர் தாவீது பார்க்க வந்தார். பல வருடங்களாக முனிசாமியின் தட்டை மேலே உட்கார்ந்து கேட்டவர் அவர்தான். கட்டிய கையைப் பார்த்து விசாரித்தார். டிரசர் நடந்ததைச் சொன்னதும், “சிரித்தான். பின்பு என்னை ஏசினான். ஒரு தட்டு என்றால் நிறுத்து ஐயா, இரண்டு நாளாய் உம்மை நிறுத்தச் சொல்லுகிறான் என்றான்.”

எண்ணெய் சுட்டிருக்கிறது. அவ்வளவுதான்! தைலத்துக்கு ஆதாரம் என்று சுவரில் தொங்குவது, அந்த மனிதர் தைலத்தை நிறுத்தச் சொன்ன வரி!

நான் மீதியைப் படித்தேன். டிரசர் அன்றே எண்ணெயை நிறுத்தியிருக்கிறார், அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். தாவீது ஒவ்வொரு ஷிஃப்ட் முடிந்தும் வந்து கட்டிலருகே உட்கார்ந்து தட்டிப் பேசினார். முனிசாமியின் மனைவி அவருடைய வலது கையைத் தன் கையில் பிடித்து, சட்டத்தில் தட்ட வைத்தார், தினமும். வாரங்கள் போகின்றன, “மாற்றமில்லை”, “மாற்றமில்லை”. பிறகு, மழைக்காலம் வந்த பின், வலது கையால் தானே ஒரு தட்டு. பேச்சு கடைசி வரை சரியாக வரவில்லை. மெழுகுவர்த்தி கொடுக்கும் அறையில் வேலைக்குச் சேர்ந்தார் என்பதோடு முடிகிறது.

சாலமன் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “நான் யாரையும் ஏமாத்தல,” என்றார் மெதுவாக. “எங்கப்பா சொன்னாரு, நான் சொன்னேன்.”

எனக்குப் பரிதாபமாக இருந்தது. சித்திக்கு இல்லை.

“அண்ணே, உங்களுக்கு பிரஷர் கீதா?”

“இன்னாத்துக்கு கேக்கறீங்க?”

“கீதா இல்லியா?”

அவர் பதில் சொல்வதற்குள் சமையல் கட்டிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “காலைல ரெண்டு, ராத்திரி ஒண்ணு! நான் எடுத்துக் குடுக்கலன்னா அந்த மனுசன் முழுங்க மாட்டாரு!”

சித்தி பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

திரும்பும் ரயிலில் நான் ஜெயித்த சந்தோஷத்தில் பேசிக்கொண்டே வந்தேன். சித்தி ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார். “அந்த முனிசாமிகிட்ட ஒரு வார்த்த கேக்காமயே தேச்சிக்கினு இருந்தாங்க இல்ல.”

வீட்டுக்கு வரும்போது மாலை 4.15. சித்தப்பா டிவி முன்னால் இருந்தார். சித்தி டிவியை அணைத்துவிட்டு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

“இந்தாங்க. கோரமண்டல்ல ஒரு தைலம். அத்த போடணும்னா மாத்திரய நிறுத்தணும். உங்களுக்கு வேணுமா?”

ஐந்து மாதத்தில் எங்கள் வீட்டில் யாராவது அவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாத்திரை, சாப்பாடு, குளியல், எல்லாவற்றையும் நாங்களே முடிவு செய்திருந்தோம். சித்தப்பாவின் வாய் அசைந்தது. எனக்குப் பொறுக்கவில்லை, சொல்லை எடுத்துக் கொடுக்கப் போனேன். சித்தி என் கையை அழுத்திப் பிடித்தார். போன் கடிகாரத்தில் ஒரு முழு நிமிடம்.

“வே… வேணா.” பிறகு இன்னும் கொஞ்ச நேரம். “பயம்.”

சித்தி அழுதார். சித்தப்பாவுக்குப் பயமாக இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது.

இனி உங்களுக்கு. நோட்டைப் பார்க்கப் போகிறவர்கள் சண்டைக்குப் போகாதீர்கள். சாலமன் நல்ல மனிதர், போர்டைக் கழற்றுவாரா தெரியவில்லை. நாங்கள் போய்வந்த மொத்தச் செலவு இருவருக்கும் 285 ரூபாய். நோட்டு நிஜமென்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், பழைய மை தெரிந்த யாராவது சோதிக்கும்வரை எனக்கு அரைச் சந்தேகம் இருக்கும். ஆனால் இதில் சந்தேகம் வேண்டாம்: திடீரென்று வாய் கோணினால், ஒரு கை தூக்க வரவில்லை என்றால், பேச்சு குழறினால், கேஸ், புகை, தூக்கமின்மை என்று காரணம் தேடாதீர்கள். சோடா, மோர், மாத்திரை எதுவும் வாயில் கொடுக்காதீர்கள். மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள், மூளை ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகச் சொல்லுங்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

தைல விளம்பரம் வந்த குடும்பக் குழுவிலேயே இந்தப் பதிவையும் போடுங்கள். அதோடு, உங்கள் வீட்டில் பேச்சு போய்ப் படுத்திருப்பவர் இருந்தால், இன்றைக்கு அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். சொல்லை எடுத்துக் கொடுக்காமல் ஒரு நிமிடம் முழுக்கக் காத்திருங்கள். அவர் என்ன சொன்னார் என்று கீழே எனக்கு எழுதுங்கள்.